கெட்டுப்போன வண்டியும் ரிட்டயர் ஆன பட்டாளத்துக்காரரும்: பாபநாசம் பக்கத்து ஞாயிறு ஷெட்

#1 கொள்ளிடக்கரை (ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஈஎம்இ பிரிவில் முன்னாள் வெஹிக்கிள் மெக்கானிக், பாபநாசம் வட்டம்)

வழக்கமாக இங்கே பாயின்ட் கேப் (பிளக்குக்குப் பொறி தரும் கான்டாக்ட் பாயின்ட்டின் இடைவெளி), கிளட்ச் பிளேட் என்றுதான் எழுதுவேன். இன்று கொஞ்சம் வேறு பேச்சு. எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஷெட்டைப் பற்றிச் சிலர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். "முன்னாள் படைவீரர்களுக்கு இலவசமாக புல்லட் ரிப்பேர் செய்து தருகிறீர்களாமே" என்று ஒருவர். இலவசம் இல்லை. ரிப்பேரும் நான் செய்து தருவதில்லை. அவரவர் வண்டியை அவரவர்தான் பிரிக்க வேண்டும். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து திட்டுவேன், அவ்வளவுதான்.

இடம், எங்கள் பழைய பம்புசெட் கொட்டகை. மோட்டாரை போர்வெல் பக்கம் மாற்றிய பிறகு சும்மா கிடந்தது.

வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் போனால் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர் இருப்பார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் எந்த ரெஜிமென்ட், எங்கே போஸ்டிங் என்று பேச ஆள் கிடைக்கும். நம் டெல்டாவில் அப்படி இல்லை. ஊருக்கு ஒருவர், சில ஊரில் அதுவும் கிடையாது. பதினெட்டு பத்தொன்பது வயதில் போனவர் நாற்பதைத் தொடுவதற்குள் பென்ஷனோடு வந்துவிடுகிறார். கூடப் படித்தவன் குறுவையா சம்பாவா, மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்று பேசுகிறான். இவருக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. இவர் சொல்ல வருவதைக் கேட்க அவனுக்கு நேரம் இல்லை. அப்புறம் ஏதாவது நகைக்கடையிலோ ஏடிஎம்மிலோ காவல் வேலை, பெரும்பாலும் ராத்திரி ஷிப்ட். ஏற்கெனவே தூக்கம் கெட்டவருக்கு ராத்திரி ஷிப்ட் ரொம்ப வசதி. ஏன் தூங்கவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள் இல்லையா.

இவர்களில் ஒருவரும் என்னிடம் வந்து "தீபாவளி வெடிக்கு உடம்பு நடுங்குகிறது" என்று சொன்னதில்லை. "பாயின்ட் நிற்கமாட்டேன் என்கிறது, கொஞ்சம் பாருங்களேன்" என்றுதான் வருவார்கள். வண்டி ஒழுங்காக ஓடினால் வரவே மாட்டார்கள். வண்டி கெட்டுப்போவது அவர்களுக்கு வீட்டை விட்டு வெளியே வரக் கிடைக்கும் ஒரு சாக்கு. பைக் ஓட்டினால் மனசு லேசாகும் என்கிறார்கள், இருக்கலாம். என் கணக்கில் ஓட்டுவதைவிடப் பிரித்துப்போடுவதுதான் அதிகம் பிடிக்கிறது. மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

#2 அரசலாறு350 (கும்பகோணம்)

அண்ணே, முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பட்டாளத்துக்காரன் இல்லை, ஆனால் உங்கள் ஷெட் ஆட்களோடு கல்லணை–பூம்புகார் ரோட்டில் போயிருக்கிறேன். ஜூன் 12 மேட்டூர் திறந்து, மூன்று நான்கு நாளில் கல்லணையில் ஷட்டர் தூக்கி, ஆற்றில் புதுத்தண்ணீர் நுரையோடு வருகிற நேரம். திருக்காட்டுப்பள்ளி தாண்டி கரையோரமாகப் போகும்போது ஷெட்டில் வாயே திறக்காத ஒருவர் ஹெல்மெட்டுக்குள் பாடிக்கொண்டு வந்தார். சிக்னலில் நின்றபோதுதான் எல்லோருக்கும் கேட்டது. இது ஸ்பேனர் பிடித்து வருகிற காரியம் இல்லை.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. இரண்டாம் உலகப்போரில் ராணுவத்துக்கென்று ஹார்லி டேவிட்சன் டபிள்யூஎல்ஏ வண்டிகளை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளினார்கள். போர் முடிந்ததும் உபரி வண்டிகள் மலிவாக ஏலத்துக்கு வந்தன. திரும்பி வந்த பையன்கள் வாங்கி, வேண்டாததைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூட்டமாக ஓட்ட ஆரம்பித்தார்கள். அங்கே பைக் கிளப் என்ற பழக்கம் பெருகியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பிறகு வியட்நாம் போரில் பிடிபட்டவர்கள், காணாமல் போனவர்கள் கதி என்ன என்று கேட்டு 1988ல் வாஷிங்டனுக்குள் கூட்டமாக வண்டி ஓட்டிப் போனார்கள். ரோலிங் தண்டர் என்று பெயர். வருஷா வருஷம் மே மாதக் கடைசியில் நடந்தது. அதெல்லாம் ரைடுதான், வொர்க்‌ஷாப் இல்லையே?

#3 பழைய டிஆர் (முன்னாள் சிக்னல்ஸ், அதாவது ராணுவத் தகவல்தொடர்புப் பிரிவு, நீடாமங்கலம்)

டிஆர், அதாவது பைக்கில் தபால் கொண்டு போகும் டெஸ்பாட்ச் ரைடராகப் பட்டாளத்தில் சேர்ந்தவன் நான். சிக்னல்ஸில் பைக் என்றால் எல்லோரும் டேர் டெவில்ஸைத்தான் சொல்வார்கள். 1935ல் தொடங்கிய அணி, குடியரசு தின அணிவகுப்பில் ஒரே வண்டியில் கோபுரம் கட்டி வருவார்களே, அவர்கள். எனக்கு அந்த வித்தை ஒன்றும் தெரியாது. தபாலை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் என் வேலை.

கும்பகோணம் தம்பி சொல்வதில் தப்பில்லை. ஆனால் ரைடு முடிந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் எல்லாம் அங்கேயே நிற்கிறது. ஷெட்டில் எனக்குப் பிடித்தது வால்வு லேப்பிங், அதாவது இன்ஜின் வால்வு அதன் சீட்டில் கசிவில்லாமல் உட்காரும்படி தேய்ப்பது. பேஸ்ட்டைத் தடவி, ரப்பர் குச்சியை வால்வு தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைகிற மாதிரி உருட்ட வேண்டும். முதலில் கரகர என்று சத்தம் வரும், பிறகு அது மெதுவாகக் குறையும். துடைத்துப் பார்த்தால் சீட்டில் சாம்பல் நிறத்தில் ஒரே சீரான வளையம் தெரிய வேண்டும். போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்ப்போம். வால்வு ஓரத்தில் ஒரு சொட்டு கசிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. இந்த வேலையில் அவசரப்பட முடியாது. தலைக்குள் ஓடுகிற மற்றதெல்லாம் அந்த நேரம் சும்மா இருக்கிறது. ஏன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

#4 மன்னை மாமன் (மன்னார்குடி)

கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் நேராகக் கேட்கிறேன். ஏன் எல்லோரும் புல்லட்டுக்குக் கோயில் கட்டுகிறீர்கள்? கைவேலை வேண்டுமென்றால் வயலில் இறங்கி வரப்பு வெட்டட்டும். அதிலும் அவசரப்பட முடியாது, அதிலும் தலை சும்மா இருக்கும். காசும் மிச்சம். மனசு சரியில்லாத ஆளை ஏற்கெனவே ஆள் விழுங்குகிற நம் ரோட்டில் இரண்டு சக்கரத்தில் அனுப்புவது எந்த ஊர் வைத்தியம்? தை மாசி வந்தால் பாதி ரோட்டில் நெல் காய்கிறது, மீதியில் வைக்கோல். பிரேக் பிடித்தால் சறுக்கிக்கொண்டு போகும். சேற்றில் உழ இரும்புச் சக்கரம் மாட்டிய கேஜ் வீல் டிராக்டர் ஏறி இறங்கி தார் ரோடெல்லாம் பல் பல்லாக இருக்கிறது. என் மைத்துனர் மகன் ராத்திரி வைக்கோல் கட்டில் ஏறி விழுந்து காலர் எலும்பு போனது. அவன் மனசு நன்றாகத்தான் இருந்தது!

#5 கொள்ளிடக்கரை

மாமா, ரோடு விஷயத்தில் உங்களோடு சண்டையே இல்லை. அறுவடை சீசனில் நாங்கள் இருட்டில் ரைடு போவதே கிடையாது, பகலிலும் நாற்பதுக்கு மேல் போவதில்லை. ஹெல்மெட் இல்லாமல் வந்தால் வண்டிச் சாவி என் பாக்கெட்டில்தான். எந்த ரேங்க்காக இருந்தாலும் சரி.

வயல் விஷயம் அப்படி இல்லை. ஒன்று, பலருக்கு வயலே இல்லை. இருந்தாலும் குத்தகைக்குப் போயிருக்கும், அல்லது அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் நிற்கும். ரிட்டயர் ஆகி வந்தவருக்கு முதல் தலைவலியே அந்த நிலம்தான். அங்கே மண்வெட்டியோடு இறங்கச் சொன்னால் மனசு அமைதியாகவா இருக்கும்? இரண்டாவது, இன்றைக்கு நடவிலிருந்து அறுப்பு வரை மெஷின். ஆள் தனியாக வரப்பில் நின்று வேடிக்கைதான் பார்க்கிறார்.

மோட்டார் வண்டி அப்படியில்லை. தம்பிகள் என்று எல்லோரும் கூப்பிடும் மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியியல் பிரிவு) ஆள் வந்தாலும், வெலிங்டனில் ட்ரெயினிங் எடுத்த மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆள் வந்தாலும், ஏர்ஃபோர்ஸ் ஆள் வந்தாலும் ஆளுக்கொரு அபிப்பிராயம் வைத்திருப்பார்கள். அதிலும் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட். 1950களில் எல்லைக் காவலுக்கு ராணுவம் வாங்கப்போய், 1955ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் செய்த வண்டி. எல்லா யூனிட்டிலும் ஒன்றாவது கிடந்திருக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்டார்ட் பண்ணுவதே ஒரு டிரில். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் போகும். நடுவுக்குத் திரும்பி வருகிற இடத்தில் நிறுத்தி, டிகம்ப்ரஷன் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடுவது) இழுத்துக் கிக்கரைக் கொஞ்சம் தள்ளி, விட்டு, மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே உதை. வரிசை மாறினால் காலைத் திருப்பி அடிக்கும். புதிதாக வருகிற பையனுக்கு இதைக் கற்றுக்கொடுக்க எங்கள் ஷெட்டில் போட்டியே நடக்கும். கற்றுக்கொடுக்க ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது என்பது ரிட்டயர் ஆனவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

#6 ஷேப் ஒன் (திருவாரூர்)

பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஷேப் ஒன் என்றால் ராணுவ மருத்துவப் பரிசோதனையில் முழுத் தகுதி. கடைசி இரண்டு வருஷம் நான் ஷேப் ஒன் இல்லை. பட்டாளத்து ஆட்களுக்குத் தெரியும், ஷேப் (SHAPE) என்பதில் முதல் எழுத்து மனசுக்கு. தகுதியைக் குறைத்துக் கேட்டகிரி போட்டால் புரமோஷன் போகும் என்று ரொம்ப நாள் சொல்லாமலே ஓட்டினேன். காஷ்மீரில் தீவிரவாதிகளை எதிர்கொள்ளும் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் இருந்தேன், மற்றதை இங்கே எழுதவில்லை.

எனக்கு இரண்டு சந்தேகம். ஏலத்தில் எடுத்த பழைய வண்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் "பட் பட்" என்று வெடிக்கிறது. மற்றவர்களுக்கு அது புல்லட் கெத்து. எனக்கு ஒவ்வொரு வெடிக்கும் கழுத்து இறுகுகிறது, சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. இரண்டாவது, வண்டிக்கு அதே பழைய ஆலிவ் கிரீன் அடிக்கலாமா?

#7 அரசலாறு350

ஆலிவ் கிரீன் அடிக்காதீர்கள் தம்பி. மத்திய மோட்டார் வாகன விதி 121 என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கலர் பாதுகாப்புத் துறை வண்டிக்கு மட்டும்தான். ரிட்டயர் ஆனவர் என்றாலும் விதிவிலக்கு கிடையாது. ஏல வண்டியை ஆர்டிஓவில் உங்கள் பெயருக்குப் பதியப் போகும்போதே கலர் மாற்றிக்கொண்டு போவது நல்லது. கறுப்பு அடித்து டேங்கில் கோல்டு லைன் போடுங்கள், அதுவும் அழகுதான்.

#8 கொள்ளிடக்கரை

வெட்கப்பட ஒன்றும் இல்லை தம்பி. எங்கள் ஷெட்டில் புது ஆள் வண்டி வந்தால் முதலில் பார்ப்பதே இந்த வெடிச்சத்தத்தைத்தான், வேறு எந்த கம்ப்ளெய்ண்ட்டும் அப்புறம்தான்.

சைலன்சர் பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் கறுப்புக் கரி படிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அங்கே காற்று வாங்குகிறது. ஆக்சிலேட்டரை விடும்போது எரியாத பெட்ரோல் அந்தக் காற்றோடு பைப்புக்குள் போய் எரிவதுதான் அந்தச் சத்தம். அது சரியாக இருந்தால் கார்புரேட்டர் ஐடில் பக்கம் மிக்சர் ரொம்ப லீனாக, அதாவது பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாக இருக்கும், ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். பாயின்ட் கேப் 0.35லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும், ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம். டேப்பெட் (வால்வு இடைவெளி) பார்க்க இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். புஷ் ராடு விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டுங்கள்.

இன்னொன்று. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் நம் பக்கம் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் டேங்க் அடியில் துரு, கார்புரேட்டர் கிண்ணத்தில் தண்ணீர். பழைய ரப்பர் பைப்பும் வாஷரும் ஊறி விரிந்துபோகும். பைப்பை மாற்றுங்கள், நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். ஞாயிறு கொண்டு வாருங்கள், பார்க்கலாம்.

#9 வெண்ணாற்றங்கரை

நான் ஷெட்டுக்கு வருகிற ஒருவரின் வீட்டுக்காரி. எல்லோரும் நல்லதையே எழுதுகிறீர்கள், என் பக்கத்தையும் கேளுங்கள்.

கல்யாணமான நாளிலிருந்து வருஷத்துக்கு இரண்டு மாத லீவுதான் எங்கள் குடித்தனம். ரிட்டயர் ஆனால் கூடவே இருப்பார் என்று நினைத்தேன். இருந்தார், ஆனால் பேச்சு இல்லை. கொல்லைக் கதவை ராத்திரியில் எழுந்து எழுந்து பூட்டிப் பார்ப்பார். பிள்ளைகள் பாத்திரத்தைக் கீழே போட்டால் கத்துவார், அப்புறம் அரை நாள் மாடியில் போய் உட்கார்ந்திருப்பார். இப்போது ஷெட்டுக்குப் போக ஆரம்பித்த பிறகு கத்தல் குறைந்திருக்கிறது, அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அங்கே உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுகிறாராம். பழைய டிஆர் ஐயாவின் வீட்டம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். என்னிடம் சொல்லாததை எண்ணெய்க் கையோடு யாரிடமோ சொல்கிறார் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? ஞாயிறு ஒரு நாள்தான் பிள்ளைகளுக்கு அப்பா. அதையும் நீங்கள் எடுத்துக்கொண்டு, மதியம் மூன்று மணிக்கு கிரீஸ் சட்டையோடு அனுப்பி வைக்கிறீர்கள்.

#10 தஞ்சை நர்ஸ் (மனநலப் பிரிவில் பணி செய்தவர்)

அக்கா, நீங்கள் எழுதியது ரொம்பச் சரி. இந்த இழையில் அதுதான் விட்டுப்போயிருந்தது. அவர் உங்களிடம் பேசாதது உங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. பலர் சொல்லும் காரணம், "அவளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம்" என்பது. தான் பார்த்ததை வீட்டுக்குள் கொண்டுவர அவர்களுக்குப் பயம். அதோடு ஷெட்டில் முகத்துக்கு முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை. இரண்டு பேர் கண்ணும் இன்ஜின் மேல்தான். பாதியில் பேச்சை நிறுத்திவிட்டு "பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் எடு" என்று சொல்லிவிடலாம். கூடத்தில் மனைவி எதிரே உட்கார்ந்து அப்படிச் செய்ய முடியாது.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாக ஒன்று சொல்கிறேன். கதவைத் திரும்பத் திரும்பப் பூட்டுவது, சின்னச் சத்தத்துக்கும் துள்ளுவது, அதே கனவு வருவது, சில இடங்களையும் ஆட்களையும் தவிர்ப்பது: இதெல்லாம் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நோய்தான். அதிர்ச்சிக்குப் பின் வரும் அந்த மனநோயைப் பிடிஎஸ்டி என்று 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் சேர்த்தார்கள். அதற்கு முன்பும் அது இருந்தது, பெயர்தான் வேறு. இதற்கென்றே பேச்சு சிகிச்சை முறைகள் இருக்கின்றன, செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. ஷெட் அதற்கு மாற்று ஆகாது. டாக்டரிடம் போக ஆளுக்குத் தைரியம் வருகிற வரை கூட வைத்திருக்கும், அது பெரிய உபகாரம்தான்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பென்ஷன்காரர்களுக்கு இசிஹெச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) வழியாகவும் போகலாம். யாரையும் நேரில் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் 14416, அரசின் டெலி மனாஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். தூக்க மாத்திரை எடுப்பவர்கள் மறுநாள் காலையில் வண்டி எடுக்கலாமா என்று எழுதித் தந்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்கம் காலை வரை நிற்கிற மாத்திரைகள் உண்டு.

ஷெட்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உயிராக வைத்திருந்த வண்டியையோ ஸ்பேனர் செட்டையோ ஒருவர் காரணமில்லாமல் அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுத்தால் சும்மா வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே தனியாகக் கூட்டிப்போய், செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள்.

#11 எக்ஸ்எல் சூப்பர் (பட்டுக்கோட்டை)

புல்லட் இல்லாதவன் உள்ளே வரலாமா? 2002ல், பாகிஸ்தான் எல்லையில் படையைக் குவித்த ஆபரேஷன் பராக்ரம் நேரம், ராஜஸ்தான் எல்லையில் கண்ணிவெடி புதைக்கும் வேலை. இடது பாதம் போனது. புனே செயற்கை அவயவ மையத்தில் கால் வைத்துக்கொடுத்தார்கள். 1944லிருந்து இருக்கிற இடம், அங்கே போனால் நம்மைவிட மோசமான நிலையில் இருக்கிறவன் நம்மைக் கிண்டல் செய்துகொண்டிருப்பான்.

ஊருக்கு வந்ததும் "இனி நீ வண்டி ஓட்ட வேண்டாம்" என்று ஆளாளுக்கு அன்பாகச் சொன்னார்கள். அந்த அன்புதான் தாங்க முடியவில்லை. டிவிஎஸ் எக்ஸ்எல் மொபெட் வாங்கினேன். கியரும் இல்லை, கிளட்சும் இல்லை. கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் எங்கள் பக்கம் தென்னை எல்லாம் சாய்ந்து, கரண்ட் இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தோம். கார் போகாத தோப்பு வழியில் அரிசி மூட்டையும் மெழுகுவத்தியும் கொண்டு போனது இந்த எக்ஸ்எல்தான். "வேண்டாம்" என்று சொன்னவர்கள் வீட்டுக்கும் போய்க் கொடுத்தேன். அவர்கள் முகத்தைப் பார்த்ததில் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைக்கவில்லை.

கால் இழந்தவர்கள் யாராவது படித்தால்: லைசென்ஸ் விஷயத்தை ஆர்டிஓவில் முறையாகச் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கையை விரித்துவிடும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையிலேயே இருப்பதால் அது சுலபம்.

#12 நாகை உப்புக்காற்று (முன்னாள் ஆர்டிலரி)

1999 கார்கில் போரில் திராஸ் பக்கம் போஃபர்ஸ் பீரங்கி பேட்டரியில் இருந்தேன். அன்றிலிருந்து வலது காதில் விசில் சத்தம், நிற்கவே இல்லை. பகலில் தெரியாது, ராத்திரியில் ஊர் அடங்கியதும் ஆரம்பிக்கும். வண்டி ஓட்டும்போது அது கேட்காது என்று ரொம்பப் பேர் வேகம் கூட்டுவார்கள். அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் அடிக்கிற காற்றுச் சத்தமே இருக்கிற காதையும் கெடுக்கும். மெடிக்கலில் கிடைக்கிற பஞ்சு மாதிரியான இயர் பிளக் வைத்து ஓட்டுங்கள். ஹாரன் கேட்கும், பயப்பட வேண்டாம்.

அப்புறம் எங்கள் கடற்கரைப் பக்கத்து வண்டிகளுக்கு ஒரு தனி நோய், உப்பு. ஸ்போக்ஸ், ரிம், பேட்டரி டெர்மினல், வயர் கனெக்டர் எல்லாம் பூத்துப்போகும். வேதாரண்யம் உப்பளப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, டெர்மினலில் வாசலின் தடவுங்கள். கரண்ட் வரவில்லை என்று காயிலை மாற்றுவதற்கு முன் எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டி மாட்டுங்கள். பாதி பிரச்சினை அங்கேயே தீரும்.

#13 பழைய டிஆர்

நாகைக்காரர் வேதாரண்யம் என்றதும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்து எழுதத் தோன்றியது. எழுதிவிட்டு அழிக்கலாம் என்று நினைத்தேன், பரவாயில்லை, இருக்கட்டும்.

நான் 1987ல் யாழ்ப்பாணம் போனவன். இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படை. அங்கே டிஆர் வேலைக்கு பைக் எடுக்கவே பயம், ரோட்டுக்கு அடியில் என்ன இருக்கும் என்று தெரியாது. எங்கள் கம்பெனியில் மற்றவர்களுக்கு எதிரே இருப்பவர் பேசுவது புரியாது. எனக்குப் புரியும். வாசலில் நின்று ஒரு பாட்டி திட்டினால் ஒவ்வொரு வார்த்தையும் புரியும், எங்கள் அப்பத்தா திட்டுவது போலவே இருக்கும். சாப் (மேலதிகாரி) என்னைக் கேட்பார், "என்ன சொல்கிறாள்?" ஒன்றுமில்லை, தண்ணீர் கேட்கிறாள் என்று சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டரை வருஷத்தில் ஏறக்குறைய 1,200 பேரை இழந்தோம். அவர்கள் பக்கம் போனது எவ்வளவு என்பதையும் நான் பார்த்தேன். 1990 மார்ச்சில் கடைசி ஆள் வரை திரும்பினோம். ஊரில் யாருக்கும் எங்களிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. பெருமைப்படுவதா, திட்டுவதா? பேசாமல் விட்டார்கள்.

ஷெட்டில் ஒருமுறை கோடியக்கரைக்கு ரைடு என்று முடிவு செய்தார்கள். நான் அந்தப் பக்கம் வரவில்லை என்றேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கொள்ளிடக்கரை மட்டும், "சரி சாப், அப்போ கல்லணை" என்றார். இதற்குத்தான் நான் நீடாமங்கலத்திலிருந்து இவ்வளவு தூரம் வருகிறேன். வால்வு லேப்பிங் எங்கள் ஊரிலும் செய்து தருவார்கள்.

#14 மன்னை மாமன்

ஐயா, படித்தேன். ரோடு விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் எங்கள் தெருவில் இப்படி ஒருவர் இருக்கிறார். எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார், திமிர் பிடித்தவர் என்று நினைத்திருந்தோம். அவரிடம் ஒரு யமஹா ஆர்எக்ஸ்100 இருக்கிறது, கவர் போட்டு மூடியே கிடக்கிறது. டூ ஸ்ட்ரோக்கையெல்லாம் சேர்த்துக்கொள்வீர்களா?

#15 கொள்ளிடக்கரை

தாராளமாக. மூடிக் கிடந்த வண்டி என்றால் கிக் அடிக்கச் சொல்லாதீர்கள். முதலில் பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) விட்டு ஒரு நாள் ஊறட்டும். இதைச் சொல்லிக்கொண்டே அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம் மாமா, வேறு பேச்சு எதுவும் வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை அம்மாவுக்கு: சொன்னது மனதில் பட்டது. இந்த வாரத்திலிருந்து காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்தரைக்குப் பூட்டு. முடியாத வேலை அடுத்த வாரம். ஆடிப்பெருக்கு அன்று குடும்பத்தோடு திருவையாறு படித்துறைக்குப் போவதாகத் திட்டம், அன்று ஸ்பேனர் கிடையாது.

நர்ஸ் அம்மா சொன்ன நம்பரைச் சுவரில் பெரிதாக எழுதிவிட்டேன், டயர் ஏர் அளவு எழுதியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். தனியாக எழுதினால் யாரும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள். ஏர் பார்க்கிற சாக்கில் படிப்பார்கள்.

ராணுவ கேன்டீன் ரம் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். ஷெட்டுக்குள் பாட்டில் வராது. ராத்திரி குடித்துவிட்டு நாற்றத்தோடு வந்தாலும் வரலாம், திருப்பி அனுப்ப மாட்டோம், ஆனால் அன்றைக்கு வண்டியில் ஏற முடியாது, யாராவது பின்னால் உட்காரவைத்து வீட்டில் விடுவோம்.

இன்னும் ஒன்று. எங்கள் ஷெட்டில் ஒருவர் வாரா வாரம் ஐடில் ஸ்க்ரூ லூஸாகிவிட்டது என்று வண்டியைக் கொண்டு வருவார். அந்த ஸ்க்ரூ தானாக லூஸாகாது. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொன்னதில்லை. அவர் இந்தத் தளத்தைப் படிப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

#16 ஷேப் ஒன்

அண்ணே, பெண்ட் பைப் ஜாயின்ட்டில் நீங்கள் சொன்ன மாதிரியே கரி இருக்கிறது. ஞாயிறு வருகிறேன். ஆறு மணிக்கு வந்துவிட்டால் டீ உண்டா, கும்பகோணத்தில் குடித்துவிட்டு வரவா?

#17 பழைய டிஆர்

குடித்துவிட்டு வா தம்பி. இவர் போடுகிற டீயைப் பற்றி மட்டும் ஷெட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை.